லென்ஸ் முன்னாடி ஒரு கண்ணாடி: அது எதைக் காப்பாத்துது?

எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன், பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.

லென்ஸ் வாங்கின யாரைக் கேட்டாலும் இந்தக் கதை இருக்கும். பில் போடுற நேரத்துல கடைக்காரர் ஒரு சின்ன டப்பாவை எடுத்து கவுன்ட்டர் மேல வைப்பார். "சார், யூவி ஃபில்டர் ஒண்ணு போட்டுக்கங்க, லென்ஸுக்கு சேஃப்டி." பத்தாயிரம் ரூபாய்க்கு லென்ஸ் வாங்குறவர் ஐந்நூறு ரூபாய்க்கு யோசிக்க மாட்டார். அங்கேயே திருகி மாட்டி, அப்படியே வீட்டுக்கு வந்துடுவோம். அதுக்கப்புறம் அதைக் கழட்டுறது புது ஃபோன்ல ஒட்டின டெம்பர்ட் கிளாஸை உரிக்கிற மாதிரி. மனசே வராது.

ஆஃபீஸ்ல ப்ரொடக்‌ஷன் சர்வர் முன்னாடி புதுசா ஒரு லேயரைச் சேர்க்கணும்னா நாங்க மூணு மீட்டிங் போடுவோம். இது எதைத் தடுக்குது? இதனால எவ்வளவு ஸ்லோ ஆகும்? இதுவே படுத்துடுச்சுன்னா என்ன ஆகும்? லென்ஸ் முன்னாடி ஒரு கண்ணாடியைச் சேர்க்கிறதும் அதே மாதிரி முடிவுதான். ஆனா அதுக்கு நாம ஒரு கேள்விகூட கேக்குறதில்லை. இன்னிக்கு அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாக்கலாம்.

இந்த எபிசோடுக்குக் காரணம் மதுரைல இருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட். காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற தம்பி. அக்காகிட்ட கடன் வாங்கி 50மிமீ எஃப்/1.8 லென்ஸ் வாங்கியிருக்கான். சித்திரைத் திருவிழால ராத்திரி போய் எடுத்த படங்கள்ல பாதிக்கு மேல பச்சைப் பச்சையா புள்ளிகள். "அண்ணா, லென்ஸ் போச்சாண்ணா? சர்வீஸ் சென்டர்ல குடுக்கணுமா? அடுத்த வாரம் ஒரு நிச்சயதார்த்தம் எடுக்க ஒத்துக்கிட்டேன், மொத தடவையா காசு வாங்கிட்டு எடுக்கப் போறேன்." குரல்லயே பயம் தெரிஞ்சுது. கூடவே ரெண்டு படமும் அனுப்பியிருந்தான். பாத்த உடனே நான் கேட்ட ஒரே கேள்வி, "முன்னாடி ஃபில்டர் மாட்டியிருக்கியா தம்பி?" மாட்டியிருந்தான். லென்ஸ் வாங்கின அன்னிக்கு கடைல கொடுத்தது.

அவனுக்கு என்ன ஆச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்தப் பேரைப் பத்தி ஒரு வார்த்தை. யூவி ஃபில்டர்னு ஏன் பேர் வந்தது? ஃபிலிம் காலத்துல அது உண்மையிலேயே வேலை செஞ்ச பொருள். நம்ம கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் ஃபிலிம்ல பதிவாகும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான இடத்துல தூரத்து மலைகளை எடுத்தா படம் நீலம் பூத்து, புகை படிந்த மாதிரி வரும். அதைக் குறைக்கத்தான் இந்த ஃபில்டர். டிஜிட்டல் கேமராவில் சென்சார் மேலேயே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கிற கண்ணாடியைக் கம்பெனிக்காரங்களே வச்சிருக்காங்க. லென்ஸுக்குள்ள இருக்கிற கண்ணாடிகளும் புற ஊதாவைக் கணிசமா உறிஞ்சிடும். அதனால இன்னிக்கு யூவி ஃபில்டர் போட்டாலும் போடாட்டியும் நிறத்துல உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. தாத்தாவோட யாஷிகாவைத் தூசி தட்டி எடுத்து ஃபிலிம் போட்டு சுத்துற மக்களுக்கு மட்டும் இது பொருந்தாது. நீங்க தாராளமா போடுங்க.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். அதனாலதான் "புரொட்டெக்டர்", "கிளியர்" என்று வேறு பெயர்களில் வெறும் தெளிவான கண்ணாடியையே விற்கிறார்கள். நிக்கான் அதற்கு "என்சி", அதாவது நியூட்ரல் கலர், என்று பெயர் வைத்திருக்கிறது. ஆக, நாம மாட்டுறது ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். அது பாதுகாப்புக்கு மட்டும்தான் இருக்கு. அப்போ அந்தப் பாதுகாப்பு எவ்வளவு, அதுக்கு என்ன விலைங்கிறதுதான் கணக்கு.

விலைல இருந்து ஆரம்பிக்கலாம். நான் சொல்ற விலை பணம் இல்லை, படத்துல கொடுக்கிற விலை.

காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது ஒளியில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். பூச்சு எதுவும் இல்லாத சாதாரணக் கண்ணாடியில் ஒரு பரப்புக்குச் சுமார் 4 சதவீதம். ஃபில்டருக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பரப்பு. ஆக மொத்தம் 8 சதவீதம் அளவுக்கு ஒளி உள்ளே போகாமல் திரும்புகிறது. நல்ல மல்ட்டி கோட்டிங் செய்த ஃபில்டரில் இது ஒரு பரப்புக்கு அரை சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். "8 சதவீதம் வெளிச்சம் குறைஞ்சா என்ன, ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏத்திக்கலாமே"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. வெளிச்சம் குறையுறது பிரச்சினையே இல்லை. திரும்பின ஒளி எங்க போகுதுங்கிறதுதான் பிரச்சினை.

இப்போ தம்பியோட படத்துக்கு வருவோம். ராத்திரி நேரம். இருட்டு வானம், ஒரு மூலையில பளிச்னு ஒரு விளக்கு. அந்த விளக்கோட ஒளி ஃபில்டர், லென்ஸ் எல்லாம் தாண்டி சென்சார்ல போய் விழுது. சென்சார் முழுக்க உறிஞ்சிடாது. கழட்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது பளபளன்னு கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அங்கே பட்டு ஒரு பகுதி ஒளி வந்த வழியே லென்ஸ் வழியாக வெளியே கிளம்புகிறது. லென்ஸை விட்டு வெளியே வரும்போது அது கிட்டத்தட்ட இணையான கதிர்களாக இருக்கும். எதிரே தட்டையாக ஒரு கண்ணாடி நிற்கிறது. தட்டைக் கண்ணாடி என்ன செய்யும்? முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி அப்படியே திருப்பி அனுப்பும். கதிர்கள் இணையாகவே திரும்பி லென்ஸுக்குள் நுழைவதால், அவை மறுபடியும் கூர்மையாக ஒரு புள்ளியில் குவிகின்றன. அதுவும் விளக்கு இருந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். படத்தோட நட்ட நடுவுல ஒரு குண்டூசி குத்துறதா நினைச்சுக்கங்க. படத்தை அரைச் சுற்று சுத்துங்க. நிஜ விளக்குகள் எல்லாம் அந்தப் பச்சைப் புள்ளிகள் இருந்த இடத்துல வந்து உக்காந்தா, ஃபில்டர் மேலதான் முதல் சந்தேகம் வரணும். தம்பியோட படத்துல மேல வலது பக்கம் மூணு விளக்கு. கீழ இடது பக்கம் அதே வரிசைல, தலைகீழா, மூணு பச்சைப் புள்ளி. அச்சு அசல்.

லென்ஸோட முன் கண்ணாடியும் இதே ஒளியைத் திருப்பி அனுப்பத்தான் செய்யும். ஆனா பெரும்பாலான லென்ஸ்ல அது வளைஞ்சு இருக்கு. வளைந்த பரப்பில் பட்டு வரும் ஒளி விரிந்து பரவிவிடுவதால் இவ்வளவு கூர்மையான புள்ளி வராது. தட்டையா இருக்கிறதுதான் ஃபில்டரோட குணம், அதுதான் அதோட குற்றமும். நல்ல கோட்டிங் இருந்தா இந்தப் புள்ளி மறைஞ்சிடுமா? முழுசா மறையாது. 4 சதவீதம் அரை சதவீதம் ஆச்சுன்னா புள்ளியோட வெளிச்சம் எட்டுல ஒரு பங்கா குறையும், போட்டோகிராஃபி பாஷைல மூணு ஸ்டாப். பல படங்கள்ல அது கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் போயிடும். ஆனா தெருவிளக்கு சுத்தி இருக்கிற இருட்டை விடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசமா இருக்கும்போது, மூணு ஸ்டாப் குறைஞ்சாலும் மிச்சம் தெரியலாம்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் ரொம்ப சின்னது. ஃபில்டரைக் கழட்டு. மொட்டை மாடிக்குப் போ. எதிர்ல இருக்கிற தெருவிளக்கை ஒரு மூலைல வச்சு ஒரு படம் எடு. ஃபில்டரை மாட்டி அதே படத்தை மறுபடியும் எடு. பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு. கூடவே ஏகப்பட்ட ஸ்மைலி. லென்ஸ் ஜம்முனு இருக்கு. சர்வீஸ் சென்டர் செலவு மிச்சம். நிச்சயதார்த்தத்துக்கு ஃபில்டர் இல்லாம, ஹூட் மட்டும் மாட்டிட்டுப் போகச் சொன்னேன். கல்யாண மண்டபத்துல மேடைக்குப் பின்னாடி எல்இடி பேனலும் சீரியல் செட்டும் கேமராவைப் பாத்துதான் எரியும். ஃபில்டருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

"சரி, ஆனா கேமரா கீழ விழுந்தா?" இதுதான் அடுத்த கேள்வின்னு எனக்குத் தெரியும்.

ஃபேஸ்புக் குரூப்ல மாசத்துக்கு ஒரு போஸ்ட் வரும். உடைஞ்சு சிலந்தி வலை மாதிரி ஆன ஃபில்டர், பக்கத்துல பத்திரமா லென்ஸ். "ஃபில்டர் என் லென்ஸைக் காப்பாத்திடுச்சு!" கீழ நூறு லைக். இந்தப் படம் நிரூபிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: ஃபில்டர் உடைஞ்சுது. அது இல்லாம இருந்திருந்தா லென்ஸ் உடைஞ்சிருக்கும்ங்கிறது நாமளா சேர்த்துக்கிற வரி. ஃபில்டர் கண்ணாடி ரெண்டு மில்லிமீட்டர் சுமார்தான் இருக்கும், மெல்லிசான ஒரு வளையத்துல நிக்கும். லென்ஸோட முன் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு தடிமன், வளைஞ்சது, பல லென்ஸ்ல விளிம்பிலிருந்து உள்வாங்கி உக்காந்திருக்கும். அமெரிக்க வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஸ்டீவ் பெர்ரி எடையை மேலே இருந்து விழ வச்சு நிறைய ஃபில்டர்களையும், பழைய லென்ஸ்களோட முன் கண்ணாடிகளையும் உடைச்சுப் பாத்து வீடியோ போட்டிருக்கார். ஃபில்டர்கள் உடையுறதுக்குத் தேவைப்பட்டதை விட ரொம்ப அதிகமான விசை லென்ஸ் கண்ணாடிக்குத் தேவைப்பட்டுச்சு. சுருக்கமா, லென்ஸுக்கு எதுவுமே ஆகாத அடியில கூட ஃபில்டர் உடையும். உடைஞ்ச சில்லு முன் கண்ணாடி மேலேயே விழுந்து கோடு போடவும் வாய்ப்பு இருக்கு.

அதோட, கீழ விழுற லென்ஸுக்கு உண்மையான ஆபத்து முன் கண்ணாடில இல்லை. உள்ளே இருக்கிற கண்ணாடிகள் துளி நகர்ந்தாலும் படத்தோட ஒரு பக்கம் ஷார்ப்பாவும் இன்னொரு பக்கம் மங்கலாவும் வரும். மவுண்ட் வளையும். ஃபோகஸ் மோட்டார் போகும். இதுக்கெல்லாம் ஃபில்டர் ஒண்ணும் பண்ணாது. ஒரு விஷயத்துல மட்டும் அதுக்கு மார்க் போடலாம். விளிம்புல அடி பட்டா, லென்ஸோட மரை நசுங்குறதுக்குப் பதில் சில நேரம் ஃபில்டரோட வளையம் அந்த அடியை வாங்கிக்கும். அந்த வேலையை அதைவிட நல்லா செய்யுற பொருள் ஒண்ணு இருக்கு. லென்ஸ் ஹூட். பிளாஸ்டிக் ஹூட் அடி பட்டா வளையும், தேவைப்பட்டா உடையும், அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தையும் மறைக்குது. அதாவது பாதுகாக்குற அதே நேரத்துல படத்தையும் மேம்படுத்துது. இப்படி ரெண்டு பக்கமும் லாபமா ஒரு டீல் இஞ்சினியரிங்ல ரொம்ப அபூர்வம். ஆனா நம்ம ஊர்ல பாதிப் பேர் ஹூட்டைத் திருப்பி மாட்டி வச்சு ஸ்டைலா சுத்துறாங்க. கண்ணு முன்னாடி பாக்கும்போது பத்திக்கிட்டு வரும் எனக்கு.

அடுத்து கீறல். நிறைய பேருக்கு இருக்கிற பெரிய பயம் இதுதான், ஆனா கணக்கு போட்டா பயம் பாதி போயிடும். முன் கண்ணாடி 50 மில்லிமீட்டர் விட்டம்னு வைங்க. பரப்பு கிட்டத்தட்ட 1,960 சதுர மில்லிமீட்டர். அதுல ஒரு சென்டிமீட்டர் நீளம், 0.05 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு கீறல். அதோட பரப்பு அரை சதுர மில்லிமீட்டர். மொத்தத்துல நாலாயிரத்துல ஒரு பங்கு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வரும் ஒளி முன் கண்ணாடியின் ஒரு பெரிய பகுதி வழியாக வருகிறது. அதனால் கீறல் படத்தில் கோடாக விழாது, அது ஃபோகஸுக்கு வெகுவாக வெளியே இருப்பதால் கரைந்து போய்விடும். சூரியனுக்கு எதிரா எடுக்கும்போது கொஞ்சம் பூத்த மாதிரி தெரியலாம். வைட் லென்ஸ்ல எஃப்/16 மாதிரி சின்ன அப்பர்ச்சர் வச்சா தெரியலாம். மத்தபடி, படத்தை மட்டும் பாத்து இது கீறல் விழுந்த லென்ஸ்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். பின் கண்ணாடி வேற விஷயம். அது சென்சாருக்குக் கிட்ட இருக்கிறதால அங்க விழுற கீறல் படத்தைக் கெடுக்கும். ஆனா நாம எல்லாரும் முன் கண்ணாடிக்குக் காவல் போட்டுட்டு, லென்ஸ் மாத்தும்போது பின்பக்கத்தை மூடியில்லாம பைக்குள்ள போடுறோம்.

நான் சொல்றதைக் கேட்டா நான் ஃபில்டருக்கு எதிரின்னு தோணும். கிடையாது. என் பைல எப்பவும் ரெண்டு ஃபில்டர் இருக்கு. பைல.

அதை எப்போ எடுத்து மாட்டுறேன்? எலியட்ஸ் பீச்ல காலைல எடுக்கும்போது. கடல் காத்துல வர்ற உப்பு கண்ணுக்குத் தெரியாமலே கண்ணாடில படியும். காஞ்சதும் அது பொடிப் பொடியான கல். அதை டி-ஷர்ட்ல துடைச்சா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. தனுஷ்கோடி மாதிரி இடத்துல காத்தோட மணலே பறந்து வரும். அலங்காநல்லூர்ல வாடிவாசல் பக்கத்துல நின்னு எடுக்கிறவங்களுக்குப் புழுதி. கும்பாபிஷேகத்துல மேல தெளிக்கிற தண்ணி. வெல்டிங் பட்டறையில பறக்கிற நெருப்புப் பொறி, அது கண்ணாடி மேல விழுந்தா அப்படியே ஒட்டிக்கும். இந்த இடங்கள்ல எல்லாம் நான் ஃபில்டர் இல்லாம லென்ஸைத் திறக்க மாட்டேன். ஏன்னா இங்க வர்ற ஆபத்து வேற வகை. ஒரே ஒரு பெரிய அடி கிடையாது. நூறு தடவை துடைக்க வேண்டி வர்றதுதான் ஆபத்து. துடைக்கத் துடைக்க கோட்டிங் போகும். அந்தத் துடைப்பை ஆயிரம் ரூபா கண்ணாடி வாங்கிக்கட்டும்.

இன்னொரு காரணம் இருக்கு, அது எனக்கு இதைவிட முக்கியமாப் படுது. என் நண்பர் ஒருத்தர் வார நாள்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங், வாரக் கடைசில கல்யாணம், பர்த்டே போட்டோகிராஃபி. ஒரு குழந்தையோட முதல் பிறந்தநாள். கேக் வெட்டப் போற நேரத்துல மாமா முறை பசங்க நாலு பேர் ஸ்னோ ஸ்ப்ரேயோட வந்துட்டாங்க. நுரை நேரா லென்ஸ் மேல. அவர் ஃபில்டரைத் திருகிக் கழட்டி அசிஸ்டன்ட் கைல கொடுத்துட்டு அடுத்த படத்தை எடுத்துட்டார். அஞ்சு செகண்ட். குழந்தை கேக்குல கை வைக்கிற படம் கிடைச்சுது. ஃபில்டர் இல்லைன்னா, லென்ஸுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, ஈரத்துணில துடைச்சா போயிருக்கும். ஆனா அந்த அஞ்சு நிமிஷம் திரும்ப வராது. காசு வாங்கிட்டு எடுக்கிறவங்களுக்கு ஃபில்டர் லென்ஸைக் காப்பாத்துறதை விட வேலையைக் காப்பாத்துற பொருள்.

சில லென்ஸுக்கு ஃபில்டர் டிசைன்லயே சேர்த்தி. கேனானோட 17-40மிமீ எஃப்/4 எல், 16-35மிமீ எஃப்/2.8 எல் II, 50மிமீ எஃப்/1.2 எல் மூணும் தூசி, ஈரத்தைத் தடுக்கிற மாதிரி செஞ்சது. ஆனா ஜூம் பண்ணும்போதோ ஃபோகஸ் பண்ணும்போதோ முன் கண்ணாடி குழாய்க்குள்ள முன்னும் பின்னும் நகரும். அந்த வாசலை மூட முன்னாடி ஃபில்டர் மாட்டினாத்தான் பாதுகாப்பு முழுமையாகும்னு கம்பெனியே சொல்லுது. அந்த லென்ஸ் வச்சு மழைல நிக்கிறவங்க யோசிக்காம மாட்டுங்க. இதுக்கு நேர் எதிர், நிக்கான் 14-24மிமீ எஃப்/2.8ஜி மாதிரி முன் கண்ணாடி உருண்டையா வெளிய பிதுங்கி நிக்கிற லென்ஸ். அதுல சாதாரண ஃபில்டரைத் திருகவே முடியாது.

இப்போ பணம். பத்தாயிரம் ரூபா லென்ஸுக்கு ரெண்டாயிரம் ரூபா நல்ல ஃபில்டர்னா, அது 20 சதவீத பிரீமியம். அந்த பாலிசி முன் கண்ணாடிக்கு மட்டும்தான், விழுந்தா கிடையாது, திருடு போனா கிடையாது, ஃபங்கஸ் வந்தா கிடையாது. இப்படி ஒரு இன்ஷூரன்ஸை யாராவது போன்ல வித்தா நீங்க கட் பண்ணிடுவீங்க. அதே ஒன்றரை லட்சம் ரூபா ஜூம் லென்ஸுக்கு ஆறாயிரம் ரூபா ஃபில்டர்னா 4 சதவீதம். யோசிக்கலாம். அமெரிக்காவில் லென்ஸ்ரென்டல்ஸ் என்கிற வாடகை நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிக்காலா, முன் கண்ணாடியை மாற்றும் செலவு லென்ஸுக்கு லென்ஸ் நிறைய மாறுபடும் என்று எழுதியிருக்கிறார். அவர்தான் ஒரு தடவை விளையாட்டா ஒரு லென்ஸ் முன்னாடி ஐம்பது ஃபில்டரை அடுக்கிப் படம் எடுத்தவர். அப்புறம் நல்ல ஃபில்டர் அஞ்சு, மட்டமான ஃபில்டர் அஞ்சுன்னு தனித்தனியா அடுக்கினார். நல்ல அஞ்சு வழியா எடுத்த படம் பரவாயில்லாம இருக்கும். மட்டமான அஞ்சு வழியா எடுத்தது பரிதாபம். பத்தாயிரம் ரூபா லென்ஸ் முன்னாடி இருநூறு ரூபா கண்ணாடியை வச்சா, உங்ககிட்ட இருக்கிறது இருநூறு ரூபா கண்ணாடி வழியா பாக்குற லென்ஸ்.

டெலிஃபோட்டோ வச்சிருக்கிறவங்களுக்கு இது இன்னும் கறாரா பொருந்தும். 300மிமீ, 400மிமீ போட்டு பள்ளிக்கரணைல பறவை எடுக்கிறீங்கன்னா, ஃபில்டர் கண்ணாடி துளி சமதளமா இல்லைன்னாலும் இறகோட நுணுக்கம் போயிடும். "என் ஜூம் லென்ஸ் சாஃப்ட்டா இருக்கு"ன்னு விக்கிறதுக்கு முன்னாடி ஃபில்டரைக் கழட்டி ரெண்டு படம் எடுத்துப் பாருங்க.

கடைல நல்ல ஃபில்டரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? டப்பால எழுதியிருக்கிறதை நம்ப வேண்டாம். டப்பாவையும் போலி அடிக்கிறாங்க. ஃபில்டரைக் கைல எடுத்து, கடைல எரியுற ட்யூப் லைட் அதுல தெரியுற மாதிரி சாச்சுப் பிடிங்க. ட்யூப் லைட் வெள்ளையா, பளிச்னு தெரிஞ்சா கோட்டிங் இல்லை. மங்கலா, பச்சையாவோ ஊதாவாவோ தெரிஞ்சா கோட்டிங் இருக்கு. எவ்வளவு மங்கலோ அவ்வளவு நல்லது. ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. சிலதுல ஒரு பக்கம் மட்டும்தான் கோட்டிங் இருக்கும். பக்கத்துல ஒரு விலை உயர்ந்த ஃபில்டரை எடுத்து ஒப்பிட்டுப் பாத்தா, அடுத்த செகண்டே புரிஞ்சிடும்.

"நான் கேமராவே வச்சிருக்கலை, ஃபோன்தான்"னு இவ்வளவு நேரம் பொறுமையா கேட்டவங்களுக்கு: உங்க ஃபோன்லயும் இதே கதைதான். கேமரா மேல வட்டம் வட்டமா ஒட்டுற லென்ஸ் புரொட்டெக்டர் இப்போ எல்லாக் கடைலயும் இருக்கு. ஃபோன் கேமராவுக்கு முன்னாடி ஏற்கனவே ஒரு கவர் கிளாஸ் இருக்கு. ஐஃபோன்ல 2012ல வந்த ஐஃபோன் 5 முதலே சஃபையர் பொருள்தான் அங்க பயன்படுத்துறாங்க. அதுவே தட்டையா இருக்கிறதாலதான் ராத்திரி விளக்கை எடுத்தா ஃபோன்லயும் அந்தப் பச்சைப் புள்ளி மிதக்குது. அதுக்கு மேல இன்னொரு மலிவான தட்டைக் கண்ணாடியை ஒட்டினா என்ன ஆகும்னு இனி நான் சொல்ல வேண்டாம். ராத்திரி படத்துல வெளிச்சம் வால் பிடிச்ச மாதிரி வந்தா, முதல்ல அதைப் பிய்ச்சுப் பாருங்க.

கடைசியா, நிறைய பேர் மாட்டிக்கிற ஒரு விஷயம். கழட்ட வராத ஃபில்டர். ஆசையா இறுக்கித் திருகி ரெண்டு வருஷம் அப்படியே விட்டா, அலுமினிய வளையம் கவ்விப் பிடிச்சுக்கும். பித்தளை வளையம் இருக்கிற ஃபில்டர் இவ்வளவு சண்டை போடாது, ஆனா விலை ஜாஸ்தி. கழட்டும்போது எல்லாரும் செய்யுறது, ரெண்டு விரலால கெட்டியாக் கிள்ளித் திருகுறது. கிள்ளக் கிள்ள வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும், இன்னும் இறுகும். அதுக்குப் பதிலா அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுத்திப் போடுங்க. விரல் எல்லாத்தையும் சமமா பரப்பிப் பிடிச்சு லேசா இடது பக்கம் திருகுங்க. வரலைன்னா ரப்பர் மேட் மேல லென்ஸைக் கவுத்து, வளையம் முழுக்க மேட்ல சமமா படுற மாதிரி வச்சு லென்ஸைத் திருப்புங்க. அப்பவும் வரலைன்னா, ஃபில்டர் ரெஞ்ச்னு ரெண்டு பிளாஸ்டிக் வளையம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எந்தக் காரணத்துக்கும் கட்டிங் பிளையர் வேண்டாம்.

தம்பியோட நிச்சயதார்த்தப் படங்கள் நேத்து ராத்திரி வந்துச்சு. மேடை லைட் எல்லாம் நேரா எரியுது, ஒரு பச்சைப் புள்ளி இல்லை. பொண்ணோட அப்பா கண்ணைத் துடைக்கிற ஒரு படம் இருக்கு, பிரமாதம். இப்போ அவனுக்கு அடுத்த சந்தேகம் வந்திருக்கு, லென்ஸுக்குள்ள வெள்ளையா நூல் மாதிரி ஏதோ தெரியுதாம், ஃபங்கஸான்னு கேக்குறான். ஃபில்டர் அதைத் தடுக்காது, காத்தும் ஈரமும் லென்ஸுக்குள்ள போக வேற வழி இருக்கு. ஃபில்டருக்குக் கொடுக்கிற காசுல பாதியை வச்சு காத்துப் போகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் மூணும் வாங்கிடலாம். மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவுல நிக்கணும். மிச்சத்தை அடுத்த எபிசோட்ல பேசுவோம்.